எழுந்து நின்றோர்

புரட்டாசி முதிர்ந்து ஐப்பசி இன்னும் தொடங்காத இடைநாட்களில் வன்னி நிலம் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். வைகாசி முதல் ஓயாது வீசிய, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஏதோவொரு பிற்பகலில் எவருக்கும் சொல்லாமல் நின்றுவிடும். நின்ற பின்னரே, அத்தனை மாதமும் அது காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது நினைவுக்கு வரும். பாலை மரமும் வீரை மரமும் இலையசையாது நிற்கும். குளங்கள் தம் நடுவே ஒரு தாம்பாள அளவு ஒளியாய்ச் சுருங்கிவிட, வெடித்த சேற்றின்மீது கொக்குகள் ஒற்றைக் காலில் தவங்கிடக்கும். உழுது புரட்டிய வயல்கள் மழைக்காலக் காலபோக விதைப்பை நோக்கி மல்லாந்து கிடக்கும். மாலைதோறும் கிழக்கே, கடலுக்கு மேல், ஒரு கருமை எழும். எழுந்து நெடுநேரம் நிற்கும். பின் மழையாகாமலே கலையும். வானும் மண்ணும் ஒன்றையொன்று பார்த்தபடி பேசாதிருக்கும் அந்நாட்களில் ஊர்ச்சனமும் குரல் தாழ்த்தியே பேசும். கோவில் மணி வழமையினும் நெடுந்தொலைவு கேட்கும். மணியினும் மெல்லிய ஒலிகளும் கேட்கும்.

அத்தகைய நாளொன்றிலேதான் வீரைமுறிப்புப் பிரதேச சபையின் செயலாளர் கௌசலா, உறுப்பினர் ஆண்டியப்பன் கொடுத்த பிரேரணையை அடுத்த அமர்வின் நிகழ்ச்சி நிரலிற் சேர்த்துத் தட்டச்சுச் செய்தார். சபை அமர்வுகளின் தொடக்கத்தில் பாடப்பெறும் இறைவணக்கத்தை நிறுத்தி, அவரவர் தத்தம் தெய்வத்தை மனத்துள் நினைந்து ஒரு நிமிடம் மௌனமாய் நிற்பதென இச்சபை தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் வாசகம்.

அந்தத் தாளின் பிரதி கைக்கு வந்தபோது சிவனேஸ்வரி அதனை இருமுறை வாசித்தார். சபையில் இறைவணக்கம் பாடுபவர் அவர். ஐம்பத்தொன்பது வயது, சைவநெறி கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை, இவ்வாண்டுத் தேர்தலிலே உறுப்பினராய் வந்தவர். தந்தை யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்திலே வயல் பெற்று உருத்திரபுரத்துக்கு வந்தவர். அங்குள்ள சிவன் கோவிலில் பண்ணோடு பாடப் பழகிய குரல் அவருடையது. அப்பாட்டை நிறுத்துவதென்றால் சபைக்கு அது ஒரு நடைமுறை மாற்றம். அவருக்கோ, மாதத்தில் ஒருமுறை, நான்கைந்து மூச்சு நேரம், தம் மகளோடு இருக்கும் அந்த இடம் இல்லாமற்போவது.

சபையின் வழக்கம் இது. மாதத்தின் இரண்டாம் வியாழன் காலை ஒன்பதரை மணிக்கு உறுப்பினர் பதினாறு பேரும் கூடுவர். தவிசாளர் தில்லைநாதன் குத்துவிளக்கை ஏற்றி, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வார். முதலிற் போரில் மாண்டோருக்காகச் சிறு அகவணக்கம், அது முடிந்ததும் இறைவணக்கம். அதன் பின்பே சென்ற மாதத்துக் கூட்டறிக்கையும், கிரவல் மண் வீதிகளும், தெருவிளக்குகளும். மண்டபத்தின் பின்புறத்திலே பொதுமக்கள் அமர்ந்து பார்ப்பதற்கென ஆறு நீண்ட வாங்குகள் போடப்பட்டிருந்தன. அவற்றில் எவரும் வந்து இருந்ததில்லை. வடிகால் பற்றிய பேச்சைக் கேட்க வேலை மினக்கெட்டு வருபவர் யார்?

ஆனி மாதத்து முதல் அமர்விலே சிவனேஸ்வரி பாட எழுந்தபோது, நாவில் வந்தது அவரே எண்ணியிராத ஒரு பாடல். நான்கே அடி கொண்டது. பதினாறு ஆண்டுகளாய் அவர் அதனைப் பாடியதில்லை. அது போரின்போது அவரும் மகள் மேனுகாவும் பங்கர் என்னும் பதுங்குகுழிக்குள் பாடிய பாட்டு. மேலே எறிகணைகள் விழுகையில் பிள்ளையின் நடுக்கத்தை அடக்கத் தாய் கண்ட வழி அது: முதல் மூன்றடி தாய்க்கு, நான்காம் அடி மகளுக்கு. அடியார் எல்லோரும் சொல்லி முடிக்கும் 'திருச்சிற்றம்பலம்' என்னும் முடிவுச் சொல் தாய்க்கே உரியது. அம்மா அதைச் சொல்லும்வரைக்கும் பிள்ளை இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. சொன்னதும் படுக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், அழவும் செய்யலாம். மேனுகா கீழ்ப்படிவுள்ள பிள்ளை. ஒருமுறையேனும் அவள் அந்த விதியை மீறவில்லை.

போரின் இறுதி ஆண்டு வைகாசியில், கடலோரக் களப்பைக் கடக்கும்போதும் இருவரும் அப்பாட்டையே பாடினர். மார்பளவு உப்புநீர், முன்னும் பின்னும் எண்ணிறந்த சனம். மேனுகாவுக்கு அப்போது பதினொரு வயது. அவள் நான்காம் அடியைப் பாடினாள். தாய் முடிவுச் சொல்லைச் சொல்ல வாயெடுக்குமுன் நெரிசலில் கை நழுவிற்று. அதன்பின் அவளைக் கண்டவர் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆகவே சிவனேஸ்வரிக்கு அவள் இறந்தவள் அல்லள். பதிவு செய்யும் இடமெல்லாம் பெயரைப் பதிந்தார். காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரக் கொட்டகைகளில் போராடும் தாய்மாரோடு தாயாய் இருந்தார். திவசம் செய்யச் சொன்ன உறவினரின் வாசலை அதன்பின் அவர் மிதிக்கவில்லை.

சபையின் அந்த முதல் அமர்விலே, மூன்றடி பாடி முடித்ததும் அவருக்கு மூச்சு இடறியது. நிறுத்தினார். பதினைந்து பேரும் தலைகுனிந்து காத்திருந்தனர். விளக்கின் சுடர், காற்று ஏதுமின்றியே, மண்டபத்தின் பின்புறம் நோக்கிச் சற்றே சாய்ந்தது. ஆறாவது வாங்கிலிருந்து மெல்லிய குரலொன்று நான்காம் அடியை எடுத்துப் பாடிற்று. சுருதி ஓரிடத்திலே மயிரிழை தாழும். எத்தனை முறை திருத்தியும் மேனுகா அந்த இடத்திலே அப்படித்தான் தாழ்வாள். அடி முடிந்தது. பின் ஒரு காத்திருத்தல்.

சிவனேஸ்வரி முடிவுச் சொல்லைச் சொல்லவில்லை. மெல்லக் கதிரையில் அமர்ந்தார். மற்றவரும் அமர்ந்தனர். அவர் நெஞ்சுக்குள்ளே பாடி முடிக்கிறார் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டனர். தாயொருத்தியின் துயரத்தில் தலையிட எவருக்கும் மனம் வரவில்லை. அவ்வாறே ஆடியிலும், ஆவணியிலும், புரட்டாசியிலும் நடந்தது. மாதம் ஒன்றாக, முடிக்கப்படாத நான்கு வணக்கங்கள் அந்த மண்டபத்திலே திறந்தபடி கிடந்தன.

இதனிடையே வேறொன்றும் நேர்ந்தது. ஆண்டியப்பனின் குடியிருப்பிலிருந்து வந்து மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் சுப்பம்மா, ஆறாவது வாங்கின் கீழ்த் தரை ஈரமாய் இருக்கிறதென்று செயலாளரிடம் முறையிட்டார். வெயில் ஏற, அந்த ஈரம் காய்ந்து உப்புப் பூத்தது. தொழில்நுட்ப அலுவலர் கூரையைப் பார்த்தார், ஓட்டையில்லை. நான்கு மாதமாய் மழையும் இல்லை. குழாய் ஏதும் அப்பக்கம் ஓடவில்லை. கடலோ பல மைல் தொலைவில். ஆவணி அமர்விலே அது 'தரைக்கசிவு' என்ற தலைப்பின்கீழ்ப் பேசப்பட்டுச் சீமெந்து பூசுவதெனத் தீர்மானமாயிற்று. சீமெந்து பூசினர். புரட்டாசி அமர்வுக்குப் பின் ஈரம் நான்காவது வாங்குவரை வந்திருந்தது.

ஆண்டியப்பனின் பிரேரணை தேநீர்ப் பொழுதுகளில் பெருங்கதையாயிற்று. அவர் மலையகத் தோட்டமொன்றிலிருந்து எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தின்போது தாய் தந்தையரோடு வன்னிக்கு வந்த மனிதர். தம் குடியிருப்பின் காவல் தெய்வத்துக்கு ஆடிப் பொங்கலின்போது உடுக்கடித்துப் பூசை செய்பவரும் அவரே. கோவிலுக்குள் நிற்கிற ஆள் சபைக்குள் சாமியை நிறுத்தப் பார்ப்பானேன் என்று உறுப்பினர் சிலர் சீண்டினர். உங்கள் முனியப்பருக்குப் பாட்டுக் கிடைக்கவில்லையென்ற கோபமோ என்று ஒருவர் கேட்டுச் சிரித்தார். சபையில் இரு கத்தோலிக்கரும் ஒரு முஸ்லிமும் இருக்கிறார்கள்; ஒருவருடைய பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்பது முறையா என்று ஆண்டியப்பன் பதில் சொன்னார். அது நேர்மையான பதில். ஆனால் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்பதைச் சிவனேஸ்வரி கண்டார்.

மறுநாட் காலையே அவர் ஆண்டியப்பனைத் தேடி வயலுக்குப் போனார். ஆண்டியப்பன் மண்வெட்டியால் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு வரும் அவரைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளிற் போட்டுக்கொண்டார்.

"வாங்க டீச்சரம்மா. வருவீங்கன்னு தெரியும்."

"பதினாறு பேரிலை நீங்களோ இதைக் கொண்டுவரவேணும், ஆண்டியப்பண்ணை? சாமியே இல்லையெண்டு கதைக்கிற ஆள் ஒருத்தர் கொண்டுவந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்."

ஆண்டியப்பன் மண்வெட்டியை வரம்பிலே சாய்த்தார். தொலைவில் ஓர் உழவு இயந்திரம் நின்றுபோயிற்று. அது நின்றபின் அங்கே வேறெந்த ஒலியும் இல்லை.

"நாலாவது அடிய யாருங்க பாடுறது?" என்றார்.

சிவனேஸ்வரிக்கு முதலில் எழுந்தது அச்சமன்று, பெருமகிழ்ச்சி. நான்கு மாதமாய்த் தம் நெஞ்சின் மயக்கமோ என்று ஐயுற்றதற்கு இதோ ஒரு சாட்சி. ஆண்டியப்பனின் கையைப் பற்றிக்கொண்டார்.

"உங்களுக்கும் கேக்குதோ?"

"மொத மாசமே கேட்டுச்சுங்க. சின்னப் புள்ள குரல். திரும்பிப் பார்த்தேன். வாங்குல யாருமில்ல."

"அது என்ரை மேனுகா. எனக்குத் தெரியும். அவள் எங்கையோ இருக்கிறாள். இருக்கிற இடத்திலை இருந்து என்ரை பாட்டுக்கு எடுத்துப் பாடுறாள். இவ்வளவு காலமும் நான் சொன்னதை ஒருத்தரும் நம்பேல்லை."

ஆண்டியப்பன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மற்றக் கையால் அதன்மேல் மூடிக்கொண்டார்.

"மகளுக்கு இப்ப என்ன வயசுங்க?"

"வாற மாசியோடை இருபத்தெட்டு."

"அப்ப அந்தக் குரலுக்கு என்ன வயசு, டீச்சரம்மா?"

வெயில் வரம்பின்மேல் அசையாது கிடந்தது. சிவனேஸ்வரி தம் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். பதினாறு ஆண்டுகளாய் மகளை அவர் மனத்துள் வளர்த்து வந்தார். பத்தாம் வகுப்புத் தேற வைத்தார். சேலை உடுத்தக் கற்பித்தார். அண்மையில் மாப்பிள்ளையும் பார்த்தார். அவர் வளர்த்த மேனுகாவும் ஆறாவது வாங்கிலிருந்து பாடிய மேனுகாவும் ஒருவரல்லர் என்பதை நான்கு மாதத்தில் ஒருமுறையும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அல்லது எண்ண மறுத்தார். வரம்பிலே அப்படியே அமர்ந்துவிட்டார்.

ஆண்டியப்பன் அருகிலே குந்தினார். மற்றதையும் சொல்லிவிட வேண்டும் என்றார். ஆனியில் ஒரு குரல்தான். ஆடியிலே தவிசாளர் எழுந்து நிற்கச் சொன்னபோது பின்புறத்திலும் சிலர் எழுந்த ஓசை அவருக்குக் கேட்டது: வாங்கு மெல்ல முனகுவது, ஈரத்துணி உரசுவது. ஆவணியில் அது பலராயிற்று. புரட்டாசியில் மண்டபம் கொள்ளாத கூட்டமொன்று எழுந்தது போலிருந்தது என்றார்.

"அது பரவாயில்லீங்க. சாமி பாட்டுன்னா எல்லாரும் வரத்தான் செய்வாங்க. எழும்புற சத்தம் கேக்குது. திரும்ப உக்கார்ற சத்தம் கேக்கல. நாம உக்காந்து ரோட்டுக்கணக்கு பேசுறோம். அவங்க பின்னால நின்னுக்கிட்டே இருக்காங்க. கூட்டம் முடிஞ்சு நாம கதவைப் பூட்டிட்டுப் போறோம். அப்பவும் நிக்கிறாங்க."

எதற்காக நிற்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. சிவனேஸ்வரிக்குத் தெரிந்திருந்தது. அம்மா சொல்லும்வரைக்கும் அசையக்கூடாது. அந்த விதியை இட்டவரே அவர்தாம்.

"அதுக்கோ பிரேரணை கொண்டுவந்தனீங்கள்?"

"முடிச்சிடுங்கன்னு ஒரு தாய்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க. சபை நிறுத்துனதா இருந்தா உங்க கையால செஞ்சதா இருக்காதுன்னு நெனச்சேன்."

"பாட்டை நிப்பாட்டினால் அவை போயிடுவினமோ?"

ஆண்டியப்பன் வயலைப் பார்த்தார். "தெரியாதுங்க. புதுசா வர்றது நிக்கும். நிக்கிறவங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது."

அவர் பொய் சொல்லாத மனிதர். அந்தப் பதிலே அதற்குச் சான்று. சிவனேஸ்வரி சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு திரும்பினார்.

அடுத்துவந்த நாட்களில் அவர் கோவிலுக்குப் போனார். ஆயினும் வாய் திறந்து பாடவில்லை. இறைவனுடைய சந்நிதியிலே நின்று, தாம் செய்துவந்தது யாதென்று தம்மையே வினாவினார். பாட்டு அவனுக்குரியது. அதைத் தொடங்குபவன் முடிக்கக் கடமைப்பட்டவன். முடிவுச் சொல்லைச் சொல்லி, பாடியதை அவன் அடியிலே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பவேண்டியவன். அவரோ வைக்கவில்லை. வைப்பதுபோற் காட்டித் தம் மடியிலே மறைத்துக்கொண்டார். இறைவனைத் தூண்டிலாக்கித் தம் பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தார். பிள்ளை நின்றுகொண்டிருக்கிறாள். பதினாறு ஆண்டு. அமரச் சொல்ல எவருமில்லாமல், உப்புநீர் சொட்டச் சொட்ட.

ஆனால் சொல்லிவிட்டால்? சொன்னபின் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அந்த வாங்கிலே எதுவும் இராது. வீதியோரக் கொட்டகைக்குப் போகவும் அவருக்குக் காரணம் இராது. இரண்டில் எதைத் தாங்கலாம் என்று அவருக்குத் தெரியவில்லை. அமர்வு நாட் காலையிலே சேலை உடுத்தும்போதும் தெரியவில்லை.

அன்று கிழக்கே எழுந்த கருமை கலையவில்லை. ஒன்பது மணிக்கே மண்டபத்துள் மின்விளக்கு ஏற்றும்படி ஆயிற்று. தில்லைநாதன் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுச் சிவனேஸ்வரியைப் பார்த்தார்; பிரேரணை பிறகுதான் வரும், அதுவரைக்கும் வழமை வழமைதான் என்று மென்மையாகச் சொன்னார். பின், எல்லோரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார்.

பதினாறு கதிரைகள் பின்னகர்ந்தன. அவ்வொலி அடங்கிய பின்னே, இம்முறை சிவனேஸ்வரியும் கேட்டார். முதலில் கடைசி வாங்கு. பின் ஐந்தாவது, நான்காவது. அதன்பின் வாங்குகள் இல்லாத இடத்திலிருந்தும், சுவருக்கு அப்பாலிருந்தும், கிரவல் பாதையின் நெடுகிலும், சனம் எழுந்து நிற்கும் ஓசை. பிள்ளையை இடுப்பில் ஏற்றும் ஓசை. கிழவரொருவர் முழங்காலை ஊன்றி எழும் ஓசை. பின் யாவும் அடங்கின. உப்பு மணத்தது.

அவர் பாடினார். முதலடியும் இரண்டாமடியும் நடுங்காது வந்தன. மூன்றாமடியின் ஈற்றிலே குரல் தானாக நின்றது. சுடர் பின்புறம் நோக்கிச் சாய்ந்தது. ஆறாவது வாங்கிலிருந்து அந்த மெல்லிய குரல் நான்காம் அடியை எடுத்தது, தாழும் இடத்திலே தாழ்ந்தது, முடிந்தது. அதன்பின் காத்திருத்தல்.

விளக்கை நோக்கியே நிற்பது முறை. சிவனேஸ்வரி திரும்பினார். வெறும் வாங்குகள். ஆறாவதன் கீழே நீர் கறுத்துக் கிடந்தது. ஆண்டியப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டு நிற்பது தெரிந்தது. சிவனேஸ்வரியின் உதடுகள் பிரிந்தன; மூடின. மண்டபத்தின் கடிகாரம் துடிப்பது கேட்டது. தில்லைநாதன் நிமிர்ந்து பார்த்து, கதிரையில் இருக்கலாமா என்று ஐயுற்றார். இன்னும் ஒரு கணம் பேசாதிருந்தால் எல்லோரும் அமர்ந்துவிடுவர். சபை தன் அலுவலைத் தொடங்கிவிடும். பிள்ளை இன்னொரு மாதம் நிற்பாள்.

"திருச்சிற்றம்பலம்," என்றார் சிவனேஸ்வரி. பாடும் குரலில் அன்று. பங்கருக்குள்ளே பிள்ளையின் தலையை வருடிக்கொண்டு சொல்லும் குரலில்.

பழக்கத்தினால் உறுப்பினர் சிலரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால், அவர்களைப் போல் நூறு மடங்கு பேர், ஒரே மூச்சாய், தாழ்ந்த குரலிலே சொன்னார்கள். ஆறு வாங்குகளும் ஒன்றன்பின் ஒன்றாய் முனகின. பாரம் இறக்குவோர் விடும் நெடுமூச்சு மண்டபத்தின் கடைசியிலிருந்து முன்வரை வந்து, விளக்கைத் தொட்டு, அணைக்காமற் கடந்து போயிற்று. சிறிது நேரங் கழித்துக் காலடிகள், விரைவில்லாதவை, வாசலை நோக்கியவை. அவற்றிலே ஒரு சோடி, சிறிய பாதங்களுடையது, கடைசியாகப் போயிற்று.

"வெளியிலை மழையோ?" என்று தில்லைநாதன் கேட்டார்.

மழைதான். கூரைத் தகட்டிலே முதற்றுளிகள் விழுந்துகொண்டிருந்தன. கௌசலா பேனாவை உயர்த்தியபடி, எழுதாமல், தம் முன்கையிலே சிலிர்த்து நின்ற மயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேரணை பதினொரு மணியளவில் எடுக்கப்பட்டது. ஆண்டியப்பன் எழுந்து, தாம் அதை மீளப்பெறுவதாகச் சொன்னார். சீண்டிய உறுப்பினர் மேசையைத் தட்டினார். அப்போது சிவனேஸ்வரி கை உயர்த்தி, மீளப்பெற வேண்டாம், அதைத் தாம் வழிமொழிவதாகக் கூறினார். பாடுபவரே பாட்டை நிறுத்தச் சொல்வதன் காரணத்தைச் சபை அறியலாமா என்று தில்லைநாதன் கேட்டார்.

"கௌரவ தவிசாளர் அவர்களே, இறைவனைப் பாடுறது பெரிய காரியம். அதை எங்கையும் பாடலாம், பாராளுமன்றத்திலையும் பாடலாம். ஆனால் பாடுறவையின்ரை மனம் அவனிலை இருக்கவேணும். ஆனி தொடக்கம் புரட்டாசிமட்டும் நான் இஞ்சை பாடினது அவனுக்கில்லை. என்ரை சொந்தத் தேவைக்கு இந்தச் சபையை எழுப்பி நிப்பாட்டினனான். இனி அவரவர் தங்கடை மனதிலை கும்பிடட்டும். ஒருத்தற்றை மனதுக்குள்ளை இருக்கிறதை மற்ற ஆள் களவெடுக்க ஏலாது."

விளக்கம் கேட்க ஒருவரும் துணியவில்லை. சைவ மண்ணிலே பாட்டில்லாத சபையா என்று இருவர் வருந்திப் பேசினர். அவர்கள் வருத்தமும் பொய்யன்று. வாக்கெடுப்பிலே ஒன்பது பேர் ஆதரவாகவும் ஆறு பேர் எதிராகவும் கை உயர்த்தினர். தவிசாளர் எத்தரப்புக்கும் கை உயர்த்தவில்லை. தரைக்கசிவு பற்றிய விடயம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆயினும் அன்று துடைத்த ஈரம் பிறகு ஊறவில்லையென்று சுப்பம்மா செயலாளரிடம் சொல்ல, அவ்விடயம் நிகழ்ச்சி நிரலிலிருந்து பின்னர் நீக்கப்பட்டது.

பிற்பகலில் மழை சற்று ஓய்ந்த பொழுது, சிவனேஸ்வரி குளத்துக்குப் போனார். குளக்கட்டிலே ஆண்டியப்பன் குடையோடு காத்து நின்றார். வரச் சொன்னவர் இல்லை. கடதாசியில் மடித்த எள்ளை அவர் கையிலே கொடுத்துவிட்டுக் கட்டின் மறுபக்கமாய்த் திரும்பி நின்றுகொண்டார்.

இறந்தோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கும் இக்கடனைப் பெண்கள் செய்வது அவ்வூர் வழக்கமன்று. செய்யவேண்டிய தகப்பன் மேனுகாவுக்கு முன்பே இறந்துபோயிருந்தார். சிவனேஸ்வரி முழங்காலளவு நீரில் இறங்கினார். புதுமழை நீர், கலங்கல், உப்பில்லாதது. எள்ளை உள்ளங்கையிலே இட்டு நீரை அள்ளினார். மகளின் பெயரைச் சொல்லி முதல் முறை விட்டார். பெயர் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் எண்ணி இரண்டாம் முறை விட்டார். மூன்றாவது முறை எவர் பெயரையும் சொல்லாமல், கைகள் வெறுமையாகும்வரை விரல்களை விரித்து வைத்திருந்தார். பின் அக்கைகளைக் குவித்துத் தலைக்குமேல் உயர்த்திக் கும்பிட்டார்.

"போயிட்டு வா, குஞ்சு. அப்பன் உன்னைத் தன்ரை மடியிலை வைச்சிருப்பான். ஒரு குறையும் இல்லாமல், நல்லாயிரு."